ஆயில் குடிக்கும் இன்ஜின், காலையில் கடகடக்கும் சத்தம்: வாசகர் கேள்விகள்

கேள்வி: என்னிடம் இருப்பது இரண்டாம் கையாக வாங்கிய 2 லிட்டர் டர்போ பெட்ரோல் கார், ஓடியது 80,000 கி.மீ. ஆயிரம் கி.மீ.க்கு அரை லிட்டருக்கு மேல் ஆயில் குறைகிறது. காலையில் ஸ்டார்ட் செய்தால் இரண்டு மூன்று விநாடி கடகடவென்று சத்தம். இன்ஜினை இறக்கணும் என்கிறார் மெக்கானிக். அவ்வப்போது செட்டிபாளையம் ட்ராக்கிலும் ஓட்டுவேன். இறக்கிவிடலாமா? - வாசகர், கோவை

பதில்: கொஞ்சம் பொறுங்கள். ஆயில் குறைவது ஒன்று, சத்தம் இன்னொன்று. இரண்டையும் ஒரே வியாதியாக்கி இன்ஜினை இறக்குவது கடைசி வேலை, முதல் வேலை அல்ல.

சத்தம்தான் அவசரம், அதை முதலில் பாருங்கள். குளிர்ந்த இன்ஜினில் சில விநாடி கடகடத்துவிட்டு அடங்கினால் எனக்கு முதல் சந்தேகம் டைமிங் செயின் டென்ஷனர் மேல்தான். வால்வுகளையும் பிஸ்டன்களையும் ஒரே தாளத்தில் ஓடவைக்கும் செயினைத் தளராமல் இறுக்கும் பாகம் அது. பல இன்ஜின்களில் அது ஆயில் அழுத்தத்தில்தான் செயினை இறுக்கிப் பிடிக்கிறது. அழுத்தம் ஏறும்வரை செயின் தளர்ந்து ஆடும், ஆயில் மட்டம் குறைந்திருந்தால் இன்னும் மோசம். சும்மா விட்டால் ஒருநாள் செயின் பல்சக்கரத்தில் ஒரு பல் தாண்டி, வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும், அப்புறம் மெக்கானிக் சொன்னபடி இறக்கித்தான் ஆகவேண்டும். சூடான பிறகு, அடியிலிருந்து டொக் டொக் என்று கனமாக, ஆர்.பி.எம். ஏற ஏறக் கூடவே ஏறும் சத்தம் வேறு. அது ராட் பேரிங், அதாவது பிஸ்டனின் தண்டு கிராங்கில் சுழலும் இடத்து பேரிங், கேட்டவுடன் இன்ஜினை அணைத்து வண்டியைக் கட்டி இழுத்துப் போங்கள். பி.எம்.டபிள்யூ.வின் ஸ்போர்ட்ஸ் காரான ஈ46 எம்3-யின் ஆரம்பகால வண்டிகளில் இந்த பேரிங் பிரச்சினைக்காக கம்பெனியே கூப்பிட்டு மாற்றிக் கொடுத்தது. மற்றபடி பெட்ரோலை நேராக சிலிண்டருக்குள் பீய்ச்சும் டைரக்ட் இன்ஜெக்ஷன் இன்ஜினில் மேலே சீராகக் கேட்கும் டிக் டிக், பெரும்பாலும் இன்ஜெக்டர் வேலை செய்யும் சத்தம்தான், பயப்பட வேண்டாம்.

சரி, ஆயிலுக்கு வருவோம். சமதளத்தில் நிறுத்தி, சூடான இன்ஜினை அணைத்து, பத்து நிமிடம் விட்டு, ஆயில் அளவு காட்டும் குச்சியான டிப்ஸ்டிக்கைப் பாருங்கள். எப்போதும் ஒரே இடத்தில், ஒரே மாதிரி. ட்ராக்கில் ஓடிய கிலோமீட்டரையும் ரோட்டில் ஓடியதையும் தனித்தனியாக எழுதி வையுங்கள், ஆர்.பி.எம். மீட்டரின் சிவப்புக் கோடு (ரெட்லைன்) வரை விரட்டினால் எந்த இன்ஜினும் கூடத்தான் குடிக்கும். ஆயிரம் கி.மீ.க்கு ஒரு லிட்டர் வரை சகஜம் என்று தாராளமாக எழுதிய மேனுவல்களும் உண்டு. என்னைக் கேட்டால் ரோட்டில் அரை லிட்டர் தாண்டினாலே காரணம் தேடவேண்டும்.

முதலில் விலை குறைந்த பொருள்: பி.சி.வி. வால்வ், இன்ஜினுக்குள் சேரும் வாயுவை மறுபடி எரிக்க அனுப்பும் வால்வ். ஐட்லிங்கில் ஆயில் மூடி கழற்ற முடியாதபடி உள்ளே உறிஞ்சிப் பிடிக்கிறதா, ஊளையிடும் சத்தம் ஒன்று இருந்து மூடியைத் திறந்ததும் நிற்கிறதா? அந்த வால்வின் மெல்லிய ரப்பர் தகடு (டயஃப்ரம்) கிழிந்திருக்கலாம். அடுத்து, பின்னால் ஒரு நண்பரை வரச்சொல்லிப் புகையைப் பாருங்கள். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து நீளமாக உருளவிட்டு மறுபடி மிதிக்கும்போது நீலப்புகை வந்தால், வால்வ் வழியே ஆயில் இறங்காமல் தடுக்கும் வால்வ் சீல். மிதித்த நேரமெல்லாம் தள்ளினால் பிஸ்டன் ரிங். டர்போ சீலிலும் புகை வரும், அதையும் பார்க்கச் சொல்லுங்கள். கம்ப்ரஷன் (சிலிண்டரில் ஏறும் அழுத்தம்), லீக்-டவுன் (அந்த அழுத்தம் எங்கே கசிகிறது) டெஸ்ட் இரண்டின் முடிவும் கையில் வராமல் இன்ஜினில் கைவைக்க விடாதீர்கள். டென்ஷனரைப் பார்க்கும்வரை ட்ராக் வேண்டாம். அதன்பிறகு போனாலும் ஆயில் டிப்ஸ்டிக்கின் மேல்கோட்டை ஒட்டி இருக்கட்டும், நீண்ட வளைவில் ஆயில் ஒருபக்கம் ஒதுங்கிவிட்டால் பம்ப் காற்றைத்தான் உறிஞ்சும்.

கேள்வி: பழைய மாஸ்டா ஆர்எக்ஸ்-8 ஒன்று விலைக்கு வருகிறது. ஆயில் குறையத்தான் செய்யும் என்கிறார் விற்பவர். நம்பலாமா? - வாசகர், மெல்பர்ன்

பதில்: இதில் அவர் பொய் சொல்லவில்லை. இந்த காரில் இருப்பது ரோட்டரி இன்ஜின், பிஸ்டனுக்குப் பதில் முக்கோண ரோட்டர் சுழலும். அதன் முனைகளில் உள்ள அபெக்ஸ் சீல்கள் தேயாமல் இருக்க, ஒரு சிறு பம்ப் வேண்டுமென்றே கொஞ்சம் ஆயிலை உள்ளே விட்டு எரிக்கிறது. குறையவே இல்லை என்றால்தான் கவலை. ஆனால் நன்றாக ஓட்டிச் சூடான பிறகு அணைத்து, சில நிமிடம் கழித்து ஸ்டார்ட் செய்யுங்கள். ஸ்டார்ட் ஆகாமல் ஸ்டார்ட்டர் வெகுநேரம் சுற்றினால் கம்ப்ரஷன் போயிருக்கலாம். ரோட்டரிக்கென்றே உள்ள மீட்டரில் கம்ப்ரஷன் டெஸ்ட் செய்த தாளைக் காட்டச் சொல்லுங்கள், மறுத்தால் வேறு வண்டி பாருங்கள்.