இன்கம்பென்ட்: நாற்காலியா, கடமையா?

கேள்வி: 'இன்கம்பென்ட்' என்றால் பதவியில் இருப்பவர் என்றுதான் நினைத்திருந்தேன். எங்கள் அலுவலகச் சுற்றறிக்கையில் 'இட் இஸ் இன்கம்பென்ட் ஆன் ஆல் ஸ்டாஃப்' என்று எழுதியிருக்கிறார்கள். எழுதியவருக்கு ஆங்கிலம் தெரியவில்லை என்கிறார்கள் சக ஊழியர்கள். அந்தச் சொல்லுக்கே 'படுத்திருப்பவர்' என்றுதான் பொருள் என்கிறார் இன்னொருவர். எது சரி?

பதில்: எழுதியவருக்கு ஆங்கிலம் நன்றாகவே தெரியும். 'ஊழியர் அனைவரின் கடமை' என்பதுதான் அந்த வாக்கியத்தின் பொருள், அதில் ஒரு பிழையும் இல்லை. அகராதியைப் புரட்டிக்கூடப் பார்க்காமல் ஒருவருக்கு மொழி தெரியவில்லை என்று பேசுவது நியாயமில்லை, உங்கள் நண்பர்களிடம் இதைச் சொல்லுங்கள்.

அப்புறம் அந்தப் 'படுத்திருப்பவர்' விளக்கம். பாதி உண்மை, அதனால்தான் பலரும் நம்பிவிடுகிறார்கள். லத்தீனில் 'இன்கும்பெரே' என்றொரு வினைச்சொல் உண்டு, படுத்தலைக் குறிக்கும் வேரிலிருந்து வந்ததுதான், ஆனால் ஒன்றின் மேல் உடம்பின் பாரம் முழுவதையும் சாய்ப்பதைச் சொல்கிற சொல் அது. பழைய ரோமானியக் கவிஞர் வர்ஜிலின் ஈனியட் காவியத்தில் கப்பல்கள் கரையை நெருங்கும்போது தலைவன் ஒருவன் தன் ஆட்களைப் பார்த்துத் துடுப்புகளின் மேல் சாயுங்கள் என்று கத்துகிறான், அங்கே வருவது இதே வினைதான். சாய்ந்து ஓய்வெடுக்கவா சொல்கிறான்? முழு பலத்தையும் போட்டுத் துடுப்பு வலிக்கச் சொல்கிறான். ஒரு வேலையில் முழுமூச்சாக இறங்குவது என்ற பொருளும் லத்தீனிலேயே வந்துவிட்டது. கோழி அடைகாப்பதைச் சொல்லும் 'இன்குபேட்', அடிபணிவதைச் சொல்லும் 'சக்கம்ப்', அலுவலகத்தில் தடுப்பு வைத்துப் பிரித்த 'க்யூபிக்கிள்' எல்லாம் இதற்கு உறவு. க்யூபிக்கிள் முதலில் படுக்கையறையைத்தான் குறித்தது.

ஆங்கிலத்துக்கு இந்தச் சொல் 15ஆம் நூற்றாண்டில் வந்தபோது தேர்தலோடு அதற்குச் சம்பந்தமே கிடையாது. திருச்சபைப் பங்கு ஒன்றின், அதாவது ஒரு குருவின் பொறுப்பில் விடப்படும் வட்டாரத்தின், பொறுப்பையும் அதன் வருமானத்தையும் பெற்ற குருவுக்குத்தான் அந்தப் பெயர், இங்கிலாந்து திருச்சபையில் இன்றைக்கும் அப்படியே வழங்குகிறது. இடைக்கால லத்தீனில் அந்த வினைக்குப் பதவியைப் பெறுவது, வைத்திருப்பது என்ற பொருளும் சேர்ந்திருந்தது, அதுதான் வழி என்கிறார்கள் சொற்பிறப்பு ஆய்வாளர்கள். ஆனால் 1628இல் வந்த தன் சட்ட நூலில் ஆங்கிலேயச் சட்ட அறிஞர் எட்வர்ட் கோக் வேறு காரணம் சொன்னார்: அந்தப் பங்கின் ஆன்மிகப் பொறுப்பை நிறைவேற்றுவதிலேயே தன் முழுக் கவனத்தையும் செலுத்த வேண்டியவர் என்பதால்தான் குருவுக்கு அந்தப் பெயராம். சொற்பிறப்பு என்று பார்த்தால் ஆய்வாளர்கள் சொல்வதுதான் நிற்கும், ஆனாலும் பதவியில் இருப்பவரிடம் என்ன எதிர்பார்க்க வேண்டும் என்பதில் கோக் சொன்னதைத்தான் நான் பிடித்துக்கொள்வேன்.

ஒருவர் மேல் வந்து விழுந்த கடமை என்ற பொருள் 16ஆம் நூற்றாண்டிலேயே இருக்கிறது. எந்தப் பதவியில் இருப்பவரையும் சொல்லும் வழக்கம் அதற்கும் பிறகு, 17ஆம் நூற்றாண்டில்தான். அதாவது சக ஊழியர்கள் பிழை என்று நினைக்கும் பொருள்தான், அவர்களுக்குப் பழக்கமான பொருளுக்கு மூத்தது. செய்திகளில் நாற்காலியை மட்டுமே கேட்டுக் கேட்டு, பாரம் நமக்கு மறந்துபோய்விட்டது. தமிழுக்கு இது புதிதா என்ன? 'பொறுப்பேற்றார்' என்றால் பதவி, 'அது உன் பொறுப்பு' என்றால் கடமை. ஒரே சொல்லில் இரண்டையும் தினமும் சிரமமில்லாமல் புழங்குகிறோம், ஆங்கிலத்தில் பார்த்தால் மட்டும் திகைக்கிறோம்.

எழுதும்போது கவனிக்க வேண்டியது கொஞ்சம்தான். கடமைப் பொருளில் பின்னால் 'ஆன்' அல்லது 'அப்பான்' வர வேண்டும், 'டு' போட்டு ஆளைச் சொல்வது தவறு. தொழில் உலகில் ஒரு சந்தையில் ஏற்கெனவே வேரூன்றிய நிறுவனத்தையும் இப்படிச் சொல்வார்கள், அமெரிக்காவின் 1996 தொலைத்தொடர்புச் சட்டம் பழைய உள்ளூர்த் தொலைபேசி நிறுவனங்களுக்கு இந்த அடைமொழியைத்தான் வைத்தது. இன்னொன்று, வில்லங்கத்தைச் சொல்லும் 'என்கம்ப்ரன்ஸ்' காதுக்கு நெருக்கமாக இருந்தாலும் இதன் உறவு இல்லை, அது தடை என்று பொருள்படும் பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. இரண்டையும் முடிச்சுப் போட்டு எழுதாதீர்கள்.