உறக்க ஆய்வகத்தின் இரவுப் பணி

அன்புள்ள ஐயா,
குறட்டைத் தொல்லைக்காக என் தந்தையாரை மருத்துவமனையின் உறக்க ஆய்வகத்தில் ஓரிரவு தங்கவைத்துச் சோதித்தார்கள். எல்லாவற்றையும் கருவியே பதிவுசெய்யும்போது, பக்கத்து அறையில் ஒருவர் விடியும்வரை திரையைப் பார்த்துக்கொண்டிருப்பது எதற்கு? காலையில் முடிவைக் கேட்டோம். அவர் வாய் திறக்கவில்லை.
வாசகி, ஈசூன், சிங்கப்பூர்

அன்புள்ள வாசகிக்கு,

பதிவுசெய்வது கருவிதான், ஆனால் பதிவாவது உறக்கமா, கழன்ற கம்பியின் இரைச்சலா என்று பார்த்துத் தீர்மானிப்பவர் தொழில்நுட்பர். தலையிலும் கண்ணோரத்திலும் முகவாயிலும் கால்களிலும் ஒட்டிய மின்முனைகள், மூக்கடிக் குழாய், மார்பிலும் வயிற்றிலும் கட்டிய பட்டைகள், விரலில் மாட்டிய ஆக்சிஜன் அளவி ஆகியவற்றில் எதுவும் புரண்டு படுக்கையில் நழுவக்கூடும். உறங்கத் தொடங்குமுன் கண்ணை உருட்டவும் பல்லைக் கடிக்கவும் பாதத்தை அசைக்கவும் சொல்லி ஒவ்வொன்றையும் சரிபார்ப்பார்கள். ஹொக்கியன் என்னும் சீன வட்டார மொழி மட்டுமே அறிந்த மூதாட்டிக்கும் இதைப் புரியவைத்தாக வேண்டும் என்பது நம் ஊருக்கே உரிய கூடுதல் வேலை.

நள்ளிரவில் மூக்குக் குழாய் நழுவிவிட்டது என்று வையுங்கள். உள்ளே சென்று சரிசெய்தால் நோயாளி விழித்துக்கொள்வார். செல்லாவிட்டால் மூச்சோட்டப் பதிவு கெடும். பட்டைகளும் ஆக்சிஜன் அளவும் ஒழுங்காக வந்துகொண்டிருந்தால் அவர் தாமாகப் புரளும்வரை சற்றுப் பொறுக்கலாம். மூளை அலைகளை எதனோடு ஒப்பிட்டு அளக்கிறார்களோ அந்த முனையே கழன்றுவிட்டால் பொறுக்க இயலாது. எப்போது எழுந்து போவது, எப்போது போகாமல் இருப்பது என்ற இந்தத் தீர்ப்புதான், என் பார்வையில், அந்த வேலையின் சாரம். கனவுறக்கம் விடியலை நெருங்க நெருங்க நீள்கிறது. அப்போது தசைகள் தளர்வதால் பலருக்கு மூச்சடைப்பும் கடுமையாகிறது. எனவே பார்ப்பவரின் உடலே உறக்கத்துக்குக் கெஞ்சும் அதிகாலையில்தான் அவருடைய கவனம் மிகுதியாகத் தேவைப்படுகிறது.

சிலருக்கு முன்னிரவிலேயே கடுமை தெரிந்துவிடும். அப்போது மருத்துவர் முன்கூட்டித் தந்த உத்தரவின்படி மூச்சுப்பாதை அடைபடாதபடி காற்றை அழுத்தத்தோடு செலுத்தும் சிபாப் கருவியின் முகமூடியை அணிவித்து, காற்றழுத்தத்தைப் படிப்படியாக உயர்த்துவதும் தொழில்நுட்பரே.

அவர் வாய் திறக்காததை அலட்சியமாகக் கொள்ளாதீர்கள். பதிவை 30 விநாடித் துண்டுகளாகப் பிரித்து ஆராய்கிறார்கள். எட்டு மணி நேரம் என்றால் 960 துண்டுகள். மூச்சோட்டம் 10 விநாடியாவது ஏறத்தாழ முற்றிலும் நின்றால் அது மூச்சுத்தடை. ஓரளவு குறைந்து ஆக்சிஜனும் இறங்கினால் அது மூச்சுக்குறைவு. இவ்விரண்டும் சேர்ந்து மணிக்கு 5க்குக் கீழ் என்றால் இயல்பு, 30ஐத் தொட்டால் கடுமை. திரையில் கண்ணால் கண்டிருந்தாலும், நோயைப் பெயரிட்டுச் சொல்லும் பொறுப்பு மருத்துவருடையது.

அறிக்கை வந்ததும் மொத்த எண்ணை மட்டும் பார்க்காமல், மல்லாந்து படுத்திருந்தபோதும் கனவுறக்கத்தின்போதும் அது எவ்வளவு இருந்தது என்று மருத்துவரிடம் தனித்தனியாகக் கேளுங்கள்.