குச்சியாய்ப் போன இட்லிப்பூவுக்கு உயிர் வருமா? கேள்வி பதில்

பெரம்பூர்: அக்கா, மாமியார் தொட்டியில வச்ச இட்லிப்பூ. வீடு பூட்டிக் கிடந்ததுல குச்சி குச்சியா நிக்குது. நுனியில மட்டும் மஞ்சள் இலை. பிடுங்கிடலாமா?

பிடுங்காதீங்க. குச்சியை நகத்தால சுரண்டுங்க, உள்ளே பச்சை தெரிஞ்சா உயிர் இருக்கு. காய்ஞ்சதை எல்லாம் எடுத்துட்டு, உயிருள்ள கிளையில மூணுல ஒரு பங்கை மட்டும் பாதிக்குக் குறைங்க. அது துளிர்த்து இலை முத்தின பிறகு அடுத்த பங்கு. ஒரே நாள்ல மொட்டை அடிச்சா, பலவீனமான வேருக்குச் சாப்பாடு அனுப்ப இலையே இருக்காது. அக்னி நட்சத்திரம் முடியுற வரைக்கும் கத்தரியைத் தொடவே கூடாது.

மஞ்சளுக்கு வருவோம். புது இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையா இருந்தா இரும்புச்சத்துக் குறை. மண்ணுல இரும்பு இருக்கும், ஆனா சுண்ணாம்பு ஏறின கார மண்ணுல அது கரையாது, வேர் எடுக்க முடியாது. இட்லிப்பூ அமில மண்ணுக்குப் பிறந்த செடி. சிமெண்ட் தொட்டி, அதுல போர் தண்ணி வேறன்னா கேட்கவே வேணாம். மேல்மண்ணை ரெண்டு அங்குலம் கையால வழிச்சு எடுத்துட்டு மக்கின இலை போடுங்க. கொத்தாதீங்க, வேர் மேலாகவே ஓடும். மழைத் தண்ணியோ ஏ.சி. தண்ணியோ அடித்துளை வழியா ஓடுற அளவுக்கு ஊத்துங்க, உப்பு இறங்கும். அவசரம்னா உரக்கடையில இ.டி.டி.ஹெச்.ஏ. வகை இரும்பு கேளுங்க, அது கார மண்ணுலயும் வேர் எடுக்கிற மாதிரி கரைஞ்சே இருக்கும். இ.டி.டி.ஏ. வகை கார மண்ணுல நிக்காது. துளிர் வரும்வரை வேற உரம் வேண்டாம். சீக்குச் செடிக்கு உரம் போட்டுக் கொல்றவங்கதான் அதிகம்.

தண்டையார்பேட்டை: ஆர்.ஓ. மெஷின் கழிவுத் தண்ணியைச் செடிக்கு விடலாமா?

கூடாது. நீங்க குடிக்காம பிரிச்ச உப்பெல்லாம் அதுலதான் இருக்கு. வாசல் கழுவுங்க.

கொளத்தூர்: ஊட்டியில ரோடோடென்ட்ரான் கன்னு வாங்கினேன். ஒரே மாசத்துல வாடிடுச்சு. என்ன செய்யலாம்?

நீலகிரியில காட்டுப்பூவரசுன்னு சொல்ற மரத்தோட சொந்தக்காரச் செடி அது. குளிர்ந்த ராத்திரி, பனி, அமில மண் வேணும். நம்ம மே மாசத்துக்கு அது ஆகாது. குன்னூர்ல யாராவது இருந்தா கொடுத்துடுங்க. இலையில விஷம் உண்டு, ஆடு மாடு கடிக்காம பார்த்துக்கச் சொல்லுங்க.

ராயபுரம்: அக்கா, இரும்புக்கு எதுக்குக் கடை? எங்க ஆயா துருப்பிடிச்ச ஆணி புதைப்பாங்க. கொத்துக் கொத்தா பூத்துச்சு.

துருவும் இரும்புதான், ஆனா கார மண்ணுல அதுவும் கரையாது. ஆயா காலத்துல எந்தத் தண்ணி ஊத்தினாங்க?

ராயபுரம்: கிணத்துத் தண்ணி. அப்போ நல்லா இருந்துச்சு.

அதான் பதில். பூத்தது தண்ணியால, பேர் ஆணிக்கு.

கொருக்குப்பேட்டை: ராயபுரம் அண்ணன் சொல்றது சரி. நானும் ஆணி போட்டிருக்கேன். மெட்ரோ தண்ணி, அதான் சென்னைக் குழாய்த் தண்ணி, அதுல இருக்கிற குளோரின்தான் செடியைக் கெடுக்குது.

குடிதண்ணிக்குப் போடுற அளவு குளோரின் செடியைக் கொல்லாது. பயமா இருந்தா பக்கெட்டுல ஒரு ராத்திரி திறந்து வைங்க. உப்பு அப்படிப் போகாது. மீஞ்சூர்ப் பக்கம் நிலத்தடி நீரை உறிஞ்சி உறிஞ்சிக் கடல்தண்ணி உள்ளே வந்தது ஊரறிஞ்ச கதை. மெட்ரோவைத் திட்டுறதுக்கு முன்னாடி உங்க போர் தண்ணியை நாக்குல வச்சுப் பாருங்க.

வியாசர்பாடி: ஆர்.ஓ. கழிவுல பாதி மெட்ரோ கலந்தா?

மேலே படிங்க.

மாதவரம்: செம்பருத்தியில மாவுப்பூச்சி.

மோசமான நுனியை வெட்டிப் பையில கட்டிக் குப்பையில போடுங்க. மீதிக்குத் தண்ணியைப் பீய்ச்சி அடிங்க. அப்புறம் லிட்டருக்கு 5 மி.லி. வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல், சாயங்காலம். எறும்பைத் தடுக்கலைன்னா திரும்பி வரும்.

எண்ணூர்: ரோஜா?

இன்னைக்கு ரோஜா இல்லை.

திருவொற்றியூர்: ஆர்.ஓ. தண்ணி துளசிக்கு மட்டும்...

துளசியும் செடிதாங்க.

ராயபுரம்: ஆணி விஷயத்துல நான் ஒத்துக்கலை அக்கா.

ஒத்துக்க வேண்டாம். ஒரே தாய்ச்செடியில ரெண்டு குச்சி, ஒரே மண், ஒரே தண்ணி. ஒரு தொட்டியில மட்டும் ஆணி. ஆறு மாசம் கழிச்சு ரெண்டையும் படம் எடுத்து அனுப்புங்க.

ராயபுரம்: தண்ணி எது?

போர் தண்ணிதான். அதுலதானே ஆணி ஜெயிக்கணும்.