அறிவியல் கேள்வி–பதில்: டி.என்.ஏ.யுடன் புரதம் பிணைந்துவிட்டதா?

கேள்வி: ஐயா, நான் இறுதியாண்டு ஆய்வுக்காக 1000 மைக்ரோலீற்றர் டி.என்.ஏ. கரைசலில் புரதக் கரைசலைச் சிறிது சிறிதாக, மொத்தம் 100 மைக்ரோலீற்றர் சேர்த்து, இடமாகவும் வலமாகவும் சுழலும் ஒளியை மாதிரி உறிஞ்சும் வித்தியாசத்தை அளக்கும் சி.டி. (circular dichroism) கருவியில் அளந்தேன். 275 நனோமீற்றரில் இருந்த உச்சம் 11.0 மில்லிபாகையிலிருந்து 9.7 ஆகக் குறைந்தது. புரதம் பிணைந்துவிட்டது என்று அறிக்கையில் எழுதலாமா? எங்கள் விரிவுரையாளர் பொறுக்கச் சொல்கிறார்.
— பல்கலைக்கழக மாணவி, கிளிநொச்சி

பதில்: பொறுங்கள், உங்கள் விரிவுரையாளர் சொல்வதே சரி. 1000 உடன் 100 சேரும்போது கரைசல் 1100 ஆகி, டி.என்.ஏ.யின் செறிவு பதினொன்றில் பத்துப் பங்காகிவிடுகிறது. புரதமே இல்லாத வெறும் தாங்கற் கரைசலை (buffer) ஊற்றியிருந்தாலும் உங்கள் உச்சம் 10.0 இற்கு இறங்கியிருக்கும். ஆகவே நீங்கள் விளக்கம் தேட வேண்டியது 1.3 இற்கு அல்ல, 0.3 இற்கு மாத்திரமே. அது உண்மையான மாற்றமா, கருவியின் இரைச்சலா என்பதை அறிய, அதே அளவு தாங்கற் கரைசலை மட்டும் சேர்த்து ஒரு கட்டுப்பாட்டுப் பரிசோதனை செய்யுங்கள். முழு அளவீட்டையும் குறைந்தது மூன்று தடவை திரும்பச் செய்யுங்கள்.

நீங்கள் 275 இல் பார்த்தது நல்ல தெரிவு. 250 இற்கு மேல் புரதத்தின் சைகை மிகவும் மெலிந்தது; அங்கே தெரிவது பெரும்பாலும் டி.என்.ஏ.யின் நிலையே. வழமையான பி வடிவ டி.என்.ஏ. 275 அளவில் நேர் உச்சத்தையும் 245 அளவில் மறை உச்சத்தையும் காட்டும். டி.என்.ஏ. ஏணியின் படிகளான மூலங்கள் (bases) ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டு முறுகியிருப்பதால் எழும் சைகை இது என்பதால், புரதம் அந்த அடுக்கைக் குலைத்தாலோ முறுக்கை மாற்றினாலோ உச்சம் அசையும். புரதத்தின் பக்கம் 190 முதல் 250 வரையான கழியூதா (ultraviolet) பகுதியில் தெரியும். புரதச் சங்கிலி சுருண்டு உருவாகும் அல்பா சுருளி 208, 222 ஆகிய இரண்டு இடங்களில் பள்ளம் காட்டும். ஆனால் அப்பகுதியில் டி.என்.ஏ.யும் பேசும். ஆகையால் புரதம் தனியே, டி.என்.ஏ. தனியே, இரண்டும் கலந்து என மூன்று திருசியங்களையும் (அலைநீளத்துக்கேற்பச் சைகை மாறுவதைக் காட்டும் வரைபுகளையும்) ஒரே இறுதிச் செறிவில் எடுத்து, தனித்தனியானவற்றின் கூட்டுத்தொகையைக் கலவையின் திருசியத்தோடு ஒப்பிட வேண்டும். இரண்டும் ஒன்றாயிராவிட்டால்தான் சொல்வதற்கு ஏதோ இருக்கிறது. ஈஸ்ட்டின் ஜீ.சி.என்.4 புரதத்தில் டி.என்.ஏ.யைப் பற்றும் பகுதி தனியே இருக்கையில் பெரும்பாலும் ஒழுங்கற்றிருந்து, உரிய டி.என்.ஏ.யைச் சந்தித்ததும் சுருளியாக மடிகிறது என்பதை 1990 இல் இவ்வகை ஒப்பீடே காட்டியது.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். மாற்றம் தெரியவில்லை என்பதால் பிணைப்பு இல்லை என்று எழுதிவிடாதீர்கள். இரு மூலக்கூறுகளும் தம் வடிவத்தை மாற்றாமலே பிணையலாம்; சி.டி. வடிவத்தைத்தான் பார்க்கிறது, எந்த இடத்தில் பிணைந்தது என்று சொல்லாது. புரதம் பிணைந்த டி.என்.ஏ. ஜெல்லில் மெதுவாக நகர்வதைப் பார்க்கும் ஜெல் நகர்வுப் பரிசோதனையையோ ஒளிர்வு அளவீட்டையோ பக்கத்துணையாக வைத்துக்கொள்ளுங்கள்.

கரைசலிலும் கவனம் வேண்டும். நம் வன்னிக் கிணற்றுத் தண்ணீரைச் சில நாள் கொதிக்கவைத்த கேத்திலின் அடியில் வெள்ளையாகக் கல் படிவதைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் கல்சியமும் மக்னீசியமும் டி.என்.ஏ.யின் வடிவத்தையே பாதிக்கக் கூடியவை. கரைசலை வைத்து அளக்கும் சிறு கலமான கியூவெற்றைக் கழுவும் கடைசி நீர்கூடக் காய்ச்சி வடித்ததாக இருக்கட்டும். குளோரைட்டு அயன் 200 நனோமீற்றருக்குக் கீழே ஒளியை விழுங்கிவிடும் என்பதால் உப்புக் கரைசலுக்குப் பதிலாக 10 மில்லிமோலர் பொசுபேற்றும், உப்பு அவசியமானால் சோடியம் புளோரைட்டும் பயன்படுத்தலாம். நிக்கல் நிரலில் புரதத்தைச் சுத்திகரித்திருந்தால், புரதத்தை நிரலிலிருந்து விடுவிக்கச் சேர்த்த இமிடசோலில் எஞ்சியதை முழுமையாக நீக்குங்கள்; அது கொஞ்சம் இருந்தாலே கழியூதாப் பகுதி பாழாகிவிடும்.

கேள்வி: ஒளிக்கும் இடம், வலம் உண்டா? உயர்தர மாணவருக்கு எப்படி விளக்குவது?
— உயிரியல் ஆசிரியர், முல்லைத்தீவு

பதில்: உண்டு. ஒளியின் மின்புலம் முன்னேறும்போதே சுழன்றுகொண்டு செல்லுமாறு செய்ய முடியும்; சுழலும் திசைக்கேற்ப அது இடம், வலம் எனப்படும். பந்தற்காலில் ஏறும் பயிற்றங்கொடியை வகுப்பறைக்குக் கொண்டுவாருங்கள். அது எப்போதும் ஒரே பக்கமாகவே சுற்றும், மறுபக்கமாகச் சுற்றிவிட்டாலும் நுனி தன் வழிக்கே திரும்பும். பி வடிவ டி.என்.ஏ.யும் அல்பா சுருளியும் அப்படியே, ஒரு பக்க முறுக்குள்ளவை. அத்தகைய மூலக்கூறு இருவகை ஒளியையும் சமமாக உறிஞ்சாது. அந்த வித்தியாசத்தை அளப்பதே சி.டி. முறை. 1895 இல் பிரெஞ்சு இயற்பியலாளர் ஏமே கொத்தோன் இதை முதலில் கண்டார். 1972 இல் போல், ஜோவின் ஆகியோர் குவானினும் சைற்றோசினும் மாறி மாறி வரும் டி.என்.ஏ.யை அதிக உப்புக் கரைசலில் வைத்தபோது, அதன் சி.டி. திருசியம் தலைகீழானது. அந்த வகை டி.என்.ஏ. இடப்பக்கம் முறுகியும் இருக்கக்கூடும் என்பதைப் படிக அமைப்பு காட்டியது 1979 இலேதான்.