சைகோனில் என்ன சாப்பிடலாம்? கேள்வி பதில்

வியட்நாமின் ஹோ சி மின் நகரத்துக்குக் கிளம்பும் நம்மவர்கள் சாப்பாடு பற்றிக் கேட்ட கேள்விகளும் என் பதில்களும் இவை. 1976-இல் பெயர் மாறினாலும் ஊர்க்காரர்கள் பேச்சில் அது இன்னும் சைகோன்தான், நானும் அப்படியே எழுதுகிறேன். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த ஊரில் நல்ல கடை பெரும்பாலும் ஒரே பண்டத்தைத்தான் செய்யும், அதுவும் அதற்குரிய வேளையில் மட்டும். பத்துப் பக்க மெனு நீட்டும் கடையை விட்டு நகர்ந்துவிடுங்கள்.

ஒரே ஒரு நாள்தான் இருப்போம் அக்கா. எதை விடவே கூடாது?

கொம் தம். அரைக்கும்போது உடையும் குருணை அரிசிச் சோறு. முழு அரிசியை விற்றுவிட்டு, விலைபோகாத குருணையை மேகாங் டெல்டாவின் ஏழைகள் சமைத்துச் சாப்பிட்டார்கள். இன்றைக்கு அதுதான் சைகோனின் அடையாளம். காலை ஏழு மணிக்குத் தெருவில் நடந்தால் கடையை முதலில் காட்டிக்கொடுப்பது புகை. நடைபாதையிலேயே கரி அடுப்பை வைத்து, எலுமிச்சைப்புல்லும் மீன் சாஸும் சர்க்கரையும் ஊறிய பன்றித் துண்டைச் சுடுவார்கள். சோற்றின் மேல் அந்தத் துண்டு, நறுக்கிய வெங்காயத்தாளில் சூடான எண்ணெய் ஊற்றிய கலவை, வேகவைத்த முட்டை-இறைச்சி அடை ஒரு துண்டு, கொஞ்சம் ஊறுகாய்க் காய். பக்கத்தில் ஒரு குட்டிக் கிண்ணத்தில் இனிப்பும் காரமுமாக மீன் சாஸ். அதை மொத்தமாகக் கவிழ்க்காமல் கரண்டி கரண்டியாக விட்டுச் சாப்பிடுங்கள். இதற்குக் குச்சி வேண்டாம், ஸ்பூனும் முள்கரண்டியும்தான் வழக்கம்.

ஃபோ என்கிற அரிசி நூடுல்ஸ் சூப் வடக்கே ஹனோய்ப் பக்கத்து உணவு, சைகோனில் சாப்பிடுவது வீண் என்கிறான் நண்பன். சரியா?

பிறந்தது வடக்கில், அது உண்மை. ஆனால் 1954-இல் நாடு பிரிந்தபோது லட்சக்கணக்கான வடக்கத்தியர் தெற்கே வந்தார்கள், ஃபோவும் கூடவே வந்து இங்கே வேறு குணம் எடுத்தது. குழம்பில் இனிப்பு கொஞ்சம் கூடும். கூடவே ஒரு தட்டு நிறைய துளசி வகை, முளைப்பயறு, எலுமிச்சை, மிளகாய் வரும். ஒரு தடவையாவது எதுவும் போடாமல் குழம்பை மட்டும் குடித்துப் பாருங்கள். அன்னாசிப்பூவும் பட்டையும், சுட்ட இஞ்சியும் வெங்காயமும் தனித்தனியாகத் தெரியும். அப்புறம் இலையைக் கிள்ளிப் போட்டு, எலுமிச்சை பிழியுங்கள். பாஸ்டர் தெருவில் இருக்கும் ஃபோ ஹோவா பழைய கடை, தேடிப் போகலாம். மாட்டிறைச்சி வேண்டாம் என்றால் கோழி ஃபோ கேளுங்கள், 'ஃபோ கா' என்று.

நாங்கள் சுத்த சைவம். பட்டினி கிடக்க வேண்டியதுதானா?

இல்லவே இல்லை. சைவத்துக்கு அங்கே 'சாய்' என்று பெயர். 'தோய் அன் சாய்' என்று சொன்னால் போதும், நீங்கள் சைவம் என்று புரிந்துகொள்வார்கள். பௌத்தர்கள் பலர் சந்திர மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் சைவம் சாப்பிடுவார்கள். அதாவது நம் அமாவாசை, பௌர்ணமிக் கணக்கு. அந்த நாட்களில் சைவக் கடைகள் நிரம்பி வழியும், உங்கள் பயணம் அதையொட்டி அமைந்தால் நல்லது. பௌத்த முறைப்படி நடத்தும் கடைகளில் பூண்டு, வெங்காயம்கூடச் சேர்க்க மாட்டார்கள். தட்டில் இறைச்சி மாதிரி ஏதாவது இருந்தால் பதற வேண்டாம், சோயாவும் கோதுமைப் புரதமும்தான். முட்டை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆபத்து சாதாரணக் கடையில்தான். 'இறைச்சி வேண்டாம்' என்றால் துண்டை எடுத்துவிட்டு அதே எலும்புக் குழம்பை ஊற்றித் தருவார்கள். அவர்கள் ஏமாற்றவில்லை, நீங்கள் கேட்டதைத்தான் செய்கிறார்கள். வெறும் கீரை வதக்கலில்கூட மீன் சாஸோ சிப்பி சாஸோ இருக்கலாம். அதனால் சைவக் கடைக்கே போய்விடுங்கள்.

நாகூரிலிருந்து குடும்பத்தோடு போகிறோம். ஹலால் கிடைக்குமா?

கிடைக்கும். நகர மையத்தில் டோங் டு தெருப் பள்ளிவாசல் தென்னிந்திய முஸ்லிம்கள் 1935-இல் கட்டியது, அங்கே விசாரித்தாலே பக்கத்தில் நல்ல இடம் சொல்வார்கள். பென் தான் சந்தையை ஒட்டிய நுயென் அன் நின் தெருவிலும் ஹலால் உணவகங்கள் வரிசையாக உண்டு, ஃபோவையே அங்கே சாப்பிடலாம். மற்ற கடைகளில் கோழி என்று கேட்டு வாங்கினாலும் பன்றிக் கொழுப்பில் பொரித்திருக்க வாய்ப்புண்டு.

தேங்காய்ப்பாலும் எலுமிச்சைப்புல்லும் சேர்ந்த கோழிக் கறி கிடைத்தால் விடாதீர்கள், ரொட்டியைப் பிய்த்துத் தொட்டுச் சாப்பிடும் கறி அது. பிரெஞ்சுக் காலத்தில் புதுச்சேரி, காரைக்கால் பக்கத்திலிருந்து நம்மவர்கள் சைகோனில் போய் வாழ்ந்தார்கள். ட்ருவாங் தின் தெருவில் மாரியம்மன் கோயிலே இருக்கிறது, உள்ளூர் வியட்நாமியர்களும் வந்து கும்பிடுகிறார்கள்.

பிள்ளைகள் காரம் தொட மாட்டார்கள்.

கவலை வேண்டாம், மிளகாய் பெரும்பாலும் தனியாகத்தான் வரும். அவர்களுக்கு பான் கொட் வாங்கிக் கொடுங்கள். நம் பணியாரக்கல் போலவே குழிக்கல்லில் சுட்டு, நடுவில் ஒரு இறால் வைத்துத் தருவார்கள்.

பான் மீ என்கிற ரொட்டி சாண்ட்விச் எங்கே நன்றாக இருக்கும்?

எந்தத் தெருமுனையிலும். சாதாரண வண்டிக்கடையில் 20,000 முதல் 40,000 டோங் வரை ஆகும், நம் ஒரு ரூபாய்க்கு ஏறக்குறைய 300 டோங். ரொட்டி சூடாக, மேல்தோல் நொறுங்க வேண்டும், அது இல்லையென்றால் உள்ளே என்ன வைத்தும் பயனில்லை. உட்கார்ந்து சாப்பிட வேண்டுமென்றால் 1958-இல் தொடங்கி, இப்போது காவ் தாங் தெருவில் இருக்கும் ஹோவா மா. சின்ன வாணலியில் முட்டையும் இறைச்சித் துண்டுகளும் கொதிக்கக் கொதிக்க வரும், ரொட்டி தனியாக. காலைக் கடை அது, சீக்கிரம் போங்கள்.

தூத்துக்குடிக்காரன் நான், கடல் உணவுதான் வேண்டும்.

அப்படியென்றால் இரவில் பழைய நான்காம் வட்டத்து வின் கான் தெருவுக்குப் போங்கள். நத்தை, சிப்பி, நண்டு எல்லாம் தட்டுத் தட்டாக முன்னால் அடுக்கியிருக்கும், கைகாட்டினால் சமைத்துத் தருவார்கள். தேங்காய்ப்பாலில் ஒன்று, புளி போட்டு வதக்கியது ஒன்று சொல்லுங்கள். உட்காரும் முன் விலையைக் கேட்டுவிடுங்கள், சில வகைகள் எடைக்கு.

ஐஸ் போட்ட பானம் குடிக்கலாமா?

நடுவில் ஓட்டை உள்ள உருளை ஐஸ் தொழிற்சாலையில் செய்தது, கடைகளில் பெரும்பாலும் அதுதான். நான் குடிக்கிறேன். குழாய்த் தண்ணீர் மட்டும் வேண்டாம்.

ஃபில்டர் காபி பழகிய நாக்குக்கு அங்கத்திய காபி பிடிக்குமா?

கண்டிப்பாக. மத்திய மலைப்பகுதி ரோபஸ்டா, நல்ல கடுமை. டம்ளர் அடியில் கெட்டிப்பால், மேலே வடிகட்டியிலிருந்து சொட்டுச் சொட்டாக இறங்கும் டிகாக்‌ஷன், அப்புறம் ஐஸ். கலக்காமல் குடித்தால் மேலே கசப்பு, அடியில் திகட்டல், நன்றாகக் கலக்குங்கள். கடுமை தாங்காது என்றால் 'பாக் சியூ' கேளுங்கள், பால் அதிகம். முட்டைக் காபியை மட்டும் ஹனோய்க்குத் தள்ளிவையுங்கள், 1946-இல் அது பிறந்த ஊர் அதுதான்.

மகளுக்கு வேர்க்கடலை ஒவ்வாமை. எதைத் தவிர்க்க வேண்டும்?

கொம் தம், ஃபோ இரண்டிலும் வழக்கமாகக் கடலை இருக்காது, ஆனாலும் கேட்டுவிட்டே சாப்பிடுங்கள். கோய் குவான் என்ற பச்சை உருட்டலின் சாஸ், சாலட், சுட்ட இறைச்சி சேமியா, நத்தை வகைகள் எல்லாவற்றிலும் தூவுவார்கள். ஒவ்வாமை விஷயத்தை வியட்நாமிய மொழியில் விடுதிக்காரரிடம் ஒரு சீட்டில் எழுதி வாங்கிக்கொண்டு, ஒவ்வொரு கடையிலும் சமைப்பவரிடமே காட்டுங்கள்.