கேளுங்கள்: ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புக்குத் தமிழும் சமூக அறிவியலும் கற்பிக்க

பி.ஏ. தமிழ் முடித்திருக்கிறேன். நடுநிலை வகுப்புகளுக்குப் பாடம் நடத்த ஆசை. பி.எட். சேர்வதா, தொடக்கக் கல்விப் பட்டயமா? டெட் (ஆசிரியர் தகுதித் தேர்வு) எழுதத் தமிழ் படித்தவர்கள் சமூக அறிவியலும் படிக்க வேண்டும் என்கிறார்களே, ஏன்?
— வாசகி, திருவண்ணாமலை

இரண்டு வழியும் உண்டு. பட்டப்படிப்போடு இரண்டாண்டு தொடக்கக் கல்விப் பட்டயம் வைத்திருப்பவரும், பட்டப்படிப்போடு பி.எட். வைத்திருப்பவரும் ஆறு முதல் எட்டு வரைக்கான டெட் இரண்டாம் தாளை எழுதலாம். ஆனால் நீங்கள் ஏற்கெனவே பட்டதாரி. பின்னாளில் ஒன்பது, பத்தாம் வகுப்புக்கும் போகும் எண்ணம் இருந்தால் பி.எட்.தான் சரி. சேருமுன் ஒன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள்: பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ, பட்டம் என்ற வரிசையில் படித்திருக்க வேண்டும். பிளஸ் டூ இல்லாமல் நேரடியாகத் திறந்தநிலைப் பட்டம் வாங்கியவர்கள் இந்த இடத்தில்தான் சிக்கிக்கொள்கிறார்கள்.

இரண்டாம் தாள் 150 கேள்வி, 150 மதிப்பெண். குழந்தை மேம்பாடும் கற்பித்தலும் 30, தமிழ் 30, ஆங்கிலம் 30, மீதி 60 பாடப் பகுதி. கணிதம், அறிவியல் ஆசிரியருக்கு அந்த 60 கணிதமும் அறிவியலும். சமூக அறிவியல் ஆசிரியருக்குச் சமூக அறிவியல். மொழி ஆசிரியர் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். தமிழ் படித்தவர்களில் பெரும்பாலோர் சமூக அறிவியல் பக்கம் போவது இதனால்தான். பொதுப் பிரிவுக்குத் தேர்ச்சி 60 சதவீதம், அதாவது 90. மற்றப் பிரிவுகளுக்கான சலுகையை அந்தந்த ஆண்டு அறிவிக்கையில் பாருங்கள். தவறான விடைக்கு மதிப்பெண் குறைக்க மாட்டார்கள். ஒரு கேள்வியையும் விடாமல் குறித்துவிடுங்கள்.

ஆறு முதல் எட்டு வரையுள்ள பாடப்புத்தகத்தை மட்டும் புரட்டிவிட்டுப் போகிறவர்கள் திணறுகிறார்கள். தலைப்புகள் அந்த வகுப்புகளுடையவை, கேள்வியின் கடினம் பிளஸ் டூ வரை போகும். அதனால் ஒவ்வொரு தலைப்பையும் பிளஸ் டூ புத்தகம் வரை தொடர்ந்து படியுங்கள்.

டெட் தேர்ச்சி வேலை அல்ல. டெட் மதிப்பெண்ணோடு பிளஸ் டூ, பட்டம், பி.எட். மதிப்பெண்களையும் சேர்த்து ஆள் எடுத்த வெயிட்டேஜ் முறை 2018இல் போய், டெட்டுக்குப் பின் தனியாக ஒரு போட்டித் தேர்வு என்றானது. 2024 பிப்ரவரியில் பட்டதாரி ஆசிரியர்களுக்கு நடந்த தேர்வில் தமிழ்த் தகுதிப் பகுதி 50 மதிப்பெண்ணுக்கு இருந்தது. அதில் 20 எடுக்காதவரின் பாட விடைத்தாள் கணக்கில் வரவில்லை. பாடப் பகுதி 150 கேள்வி.

தேர்வை விடுங்கள். ஆசிரியர் எண்ணிக்கை குறைந்த நடுநிலைப் பள்ளியில் தமிழாசிரியர் கையில் வரலாற்றுப் பாடவேளையும் வந்து சேருவது சகஜம். அப்போது இந்த 60 மதிப்பெண் படிப்பு வீண்போகாது.

பி.எட். முதலாண்டில் நுண்நிலைக் கற்பித்தல் (ஒரு திறனை மட்டும் சில நிமிடப் பாடமாக நடத்திப் பழகுவது) செய்யச் சொல்கிறார்கள். எதிரே உட்கார்ந்திருப்பவர்கள் எங்கள் வகுப்புத் தோழர்கள். நாடகம் மாதிரி இருக்கிறது. பயன் உண்டா?
— வாசகர், கரூர்

சரியாகச் செய்தால் உண்டு. ஒரு திறன், ஆறு நிமிடம் கற்பித்தல், ஆறு நிமிடம் பின்னூட்டம், பன்னிரண்டு நிமிடம் திருத்தி எழுதுதல், மறுபடி ஆறு நிமிடம் கற்பித்தல், ஆறு நிமிடம் பின்னூட்டம். ஆக 36 நிமிடம். பல கல்லூரிகளில் முதல் ஆறு நிமிடம் மட்டும் நடத்தி, மீதியை ரெக்கார்டில் எழுதிவிடுகிறார்கள். மறுகற்பித்தல் இல்லாவிட்டால் அதில் ஒன்றுமே இல்லை.

தோழர்கள் எல்லாக் கேள்விக்கும் சரியான விடை சொல்லி உங்களைக் கெடுப்பார்கள். இரண்டு பேரை முன்கூட்டியே கூப்பிட்டு, தப்பான விடை சொல்லுமாறு கேட்டுக்கொள்ளுங்கள். தப்பு விடையை எப்படிக் கையாளுகிறீர்கள் என்பதுதான் வினாக் கேட்கும் திறனின் பாதி.

இரண்டாம் ஆண்டு, 16 வார இன்டர்ன்ஷிப்பில் இருக்கிறேன். பாடத்திட்டம் நான்கு பக்கம் எழுதிக்கொண்டு போகிறேன். மணி அடிக்கும்போது பாதிதான் முடிந்திருக்கிறது. பிள்ளைகள் விடை சொல்கிறார்கள், தேர்வில் எழுத மாட்டேன் என்கிறார்கள்.
— வாசகி, விருதுநகர்

நான்கு பக்கத்தில் எத்தனை நோக்கம் எழுதியிருக்கிறீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். ஐந்துக்கு மேல் இருக்கும். நாற்பது நிமிடத்துக்கு இரண்டு போதும். 'மாணவர்கள் சிந்துவெளி நாகரிகம் பற்றி அறிந்துகொள்வர்' என்று எழுதாதீர்கள். அறிந்துகொண்டார்களா என்று மணி அடிக்கும்போது உங்களால் சொல்ல முடியாது. 'சிந்துவெளி நகரங்கள் திட்டமிட்டுக் கட்டப்பட்டவை என்பதற்கு மூன்று சான்றுகளைச் சொல்வர்' என்று எழுதினால், கடைசி ஐந்து நிமிடத்தில் கேட்டே தெரிந்துகொள்ளலாம்.

அந்தப் பாடத்தையே எடுத்துக்கொள்வோம். வருகைப் பதிவும் அமைதியும் மூன்று நிமிடம் எடுத்துவிடும், அதைத் திட்டத்தில் யாரும் எழுதுவதில்லை. அடுத்த ஏழு நிமிடம் பிள்ளைகளை மைதானத்துக்குக் கூட்டிப்போங்கள். மொகஞ்சதாரோ பெருங்குளம் ஏறக்குறைய 12 மீட்டர் நீளம், 7 மீட்டர் அகலம், 2.4 மீட்டர் ஆழம். கயிற்றால் நீள அகலத்தைத் தரையில் குறிக்கச் சொல்லுங்கள். உள்ளே வகுப்பு முழுவதும் நிற்கட்டும். ஆழத்துக்குக் கையைத் தூக்கி நிற்கும் உயரமான பையனைக் காட்டினால் போதும். 'தண்ணீர் ஏன் கசியவில்லை?' என்று கேட்டுவிட்டு விடை சொல்லாமல் வகுப்புக்குள் வாருங்கள். சுட்ட செங்கல்லை நெருக்கி அடுக்கி, மேலே இயற்கைத் தார் பூசியிருந்தார்கள் என்பதைப் புத்தகத்தில் அவர்களே தேட வேண்டும். தேடுவதற்கு எட்டு நிமிடம். வடிகால், தெரு அமைப்பு, ஒரே விகிதத்தில் செய்த செங்கல் ஆகியவற்றுக்குப் பதினைந்து நிமிடம். மீதி ஏழில் எழுத்து: 'திட்டமிட்ட நகரம்' என்பதற்கு மூன்று வரி.

பிள்ளைகள் விடை சொல்கிறார்கள் என்கிறீர்களே, அது பெரும்பாலும் கோரஸ். 'இந்த ஊர் பேரு மொகஞ்ச…?' என்று நீங்கள் இழுக்க, வகுப்பு 'தாரோ!' என்று முடிக்கும். நாற்பது பேரில் பத்துப் பேர் சொன்னாலும் அந்தச் சத்தம் அப்படித்தான் இருக்கும். சொல்லின் வாலை விட்டுக் கேட்பதை இன்றோடு நிறுத்துங்கள். கேள்வியை முழு வாக்கியமாகக் கேளுங்கள், மனத்துக்குள் மூன்று எண்ணுங்கள், பிறகு ஒரு பெயரைச் சொல்லுங்கள். பெயரை முதலில் சொன்னால் மற்றவர்கள் யோசிப்பதை நிறுத்திவிடுவார்கள். அந்த மூன்று விநாடி பழகும்வரை உங்களுக்கு யுகமாகத் தெரியும்.

கரும்பலகையில் இடது ஓரத்தை அன்றைய புதுச் சொற்களுக்கு ஒதுக்கி, மணி அடிக்கும்வரை அழிக்காதீர்கள். எழுதும்போது பிள்ளைகள் அங்கேதான் பார்ப்பார்கள்.

ஏழாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் எடுக்கிறேன். பத்துப் பன்னிரண்டு பேருக்குப் பாடப்புத்தகத்தை வாசிக்கவே வரவில்லை. வாசிக்கக் கற்பிப்பது தமிழாசிரியர் வேலை இல்லையா?
— வாசகர், கள்ளக்குறிச்சி

உங்கள் வேலையும்தான். நடுநிலை வகுப்பில் வரலாறு தோற்பது பெரும்பாலும் வாசிப்பில்.

முதலில் அந்தப் பன்னிரண்டு பேரையும் ஒரே கூட்டமாக நினைக்காதீர்கள். அவர்கள் பார்த்திராத ஓர் 60 சொல் பத்தியை எடுத்து ஒவ்வொருவரையும் தனியாக, மற்றவர் காதில் விழாமல் வாசிக்கச் சொல்லுங்கள். ஆளுக்கு இரண்டு நிமிடம். எங்கே தடுக்குகிறது என்று குறியுங்கள். மூன்று வகை தெரியும்.

எழுத்தே சரியாகத் தெரியாதவர்கள் இரண்டு மூன்று பேர் இருப்பார்கள். இவர்களுக்கு உங்கள் பாடவேளை போதாது; தினமும் தனியாக இருபது நிமிடம் வேண்டும். ஆறு முதல் ஒன்பது வரையுள்ள அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 2025இல் வந்த 'திறன்' பயிற்சி இவர்களுக்காகத்தான். தமிழாசிரியரோடு பேசிச் சேர்த்துவிடுங்கள்.

எழுத்துக் கூட்டுவார்கள், ஆனால் நீளமான சொல்லில் நின்றுவிடுவார்கள் என்பது அடுத்த வகை. சமூக அறிவியல் புத்தகம் இவர்களுக்குத்தான் எமன். 'கடற்கரையோரப்பகுதிகளில்' என்று ஒரே மூச்சில் அச்சாகியிருந்தால் பையன் 'கடற்'டிலேயே விழுந்துவிடுவான். பாடம் தொடங்குமுன் இப்படிப்பட்ட ஐந்து சொற்களைப் பலகையில் எழுதி, கோடு போட்டுப் பிரியுங்கள்: கடல் / கரை / ஓரம் / பகுதிகளில். 'ல்' எப்படி 'ற்' ஆனது என்று கேட்பான். தமிழ்ப் புத்தகத்தில் 'கற்கண்டு' பகுதியில் படித்த புணர்ச்சியை அங்கே நினைவுபடுத்துங்கள். இலக்கணத்துக்கு உபயோகம் உண்டு என்று அவனுக்கு அன்றைக்குத்தான் தெரியும். பிறகு நீங்கள் ஒருமுறை வாசியுங்கள், அவர்கள் உங்களைப் பின்பற்றி வாசிக்கட்டும், அப்புறம் ஜோடியாக.

ஆளுக்கொரு பத்தி என்று வரிசையாக எழுப்பி வாசிக்கவைக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். தன் பத்தி எது என்று எண்ணிப் பார்த்து அதை மட்டும் முணுமுணுத்துக்கொண்டிருப்பான், மற்றது காதில் ஏறாது. திக்குகிற பிள்ளைக்கு அது நாள்தோறும் தண்டனை.

மூன்றாம் வகைதான் ஏமாற்றுவது. கடகடவென்று வாசிப்பார்கள், என்ன வாசித்தாய் என்றால் விழிப்பார்கள். காரணம் பெரும்பாலும் வாக்கிய நீளம். இதைப் பாருங்கள்: 'வணிகம் செய்ய வந்த கிழக்கிந்தியக் கம்பெனியார், உள்ளூர் அரசர்களின் பூசல்களைப் பயன்படுத்திக்கொண்டு, 1757இல் நடந்த பிளாசிப் போருக்குப் பின் வங்காளத்தில் அரசியல் அதிகாரத்தைக் கைப்பற்றினர்.' நம் வாக்கியத்தில் வினை கடைசியில் வருகிறது. அங்கே போய்ச் சேருமுன் யார் என்பதைப் பிள்ளை மறந்துவிடுகிறான். எனவே கடைசியிலிருந்து தொடங்கப் பழக்குங்கள். 'கைப்பற்றினர்' என்பதற்கு வட்டம். யார்? கம்பெனியாருக்கு அடிக்கோடு. எதை, எங்கே, எப்போது, எப்படி என்று ஒவ்வொன்றாக. ஒரு பாடவேளைக்கு இரண்டு வாக்கியம் இப்படிச் செய்தால் போதும். எல்லா வாக்கியத்தையும் செய்தால் வரலாறு நின்றுபோகும்.

ஆண்டுகளை மனப்பாடமாக ஒப்பிக்கிறார்கள். ஆனால் அசோகர் முந்தியா, ராஜராஜன் முந்தியா என்றால் குழம்புகிறார்கள். கி.மு. வந்தால் இன்னும் மோசம்.
— வாசகி, தஞ்சாவூர்

ஐந்து மீட்டர் கயிறு ஒன்று வாங்குங்கள். சாதாரண வகுப்பறைச் சுவர் ஒன்றில் கட்ட அந்த நீளம் சரியாக இருக்கும். ஒரு சென்டிமீட்டருக்குப் பத்து ஆண்டு. இடது முனை கி.மு. 3000, வலது முனை கி.பி. 2000. அளந்து அட்டைகளை கிளிப்பில் தொங்கவிடுங்கள். சிந்துவெளி நகரங்கள் செழித்த காலம் (கி.மு. 2600–1900) 40 முதல் 110 செ.மீ. வரை. கலிங்கப் போர், கி.மு. 261, ஏறக்குறைய 274இல். கி.மு.வும் கி.பி.யும் சந்திக்கும் இடம் 300. ராஜராஜன் முடிசூடிய 985 சுமார் 398இல். வாஸ்கோ ட காமா கோழிக்கோடு வந்த 1498 சுமார் 450இல். 1947 என்பது 495க்கு ஒரு நூல் முன்னால். எட்டாம் வகுப்புப் புத்தகத்தில் பக்கம் பக்கமாக வரும் ஐரோப்பியர் காலம் கயிற்றில் அரை மீட்டர்கூட இல்லை என்பதைப் பிள்ளைகளே கவனித்துச் சொல்வார்கள்.

அளப்பது பிள்ளைகளாக இருக்கட்டும். நீங்கள் கட்டிவைத்த கயிறு இன்னொரு சார்ட் ஆகிவிடும்.

இரண்டு இடத்தில் தப்பு வரும். கி.மு.வில் எண் சிறிதாகச் சிறிதாக நமக்கு நெருங்கி வருகிறது. கயிற்றில் 261ஐயும் 2600ஐயும் தொட்டுக் காட்டினால் தீரும். மற்றது நூற்றாண்டு: 1757 ஏன் 18ஆம் நூற்றாண்டு? கடைசி இரண்டு இலக்கத்தை நீக்கி ஒன்று கூட்டு. 1800 மட்டும் விதிவிலக்கு மாதிரித் தெரியும், அது 18ஐத்தான் சேரும். சுழியம் ஆண்டு கிடையாது என்பதால் கி.மு. 261லிருந்து கி.பி. 985 வரை 1246 அல்ல, 1245 ஆண்டு. கெட்டிக்காரப் பிள்ளை கேட்டால் சொல்லுங்கள், கேட்காதவர்களைக் குழப்ப வேண்டாம்.

நிலவரைபடத்தைப் பெரிதாக ஜெராக்ஸ் எடுத்து அளவை கற்பித்தேன். கணக்கு இடிக்கிறது.
— வாசகர், ஈரோடு

1:50,000 என்று அச்சிட்ட படத்தில் ஒரு செ.மீ. அரை கிலோமீட்டர். அதை ஏ4இலிருந்து ஏ3க்குப் பெரிதாக்கும்போது படம் 1.41 மடங்காகிறது, அச்சிட்ட எண் மட்டும் மாறாமல் பொய் சொல்கிறது. உண்மையில் அது சுமார் 1:35,000 ஆகிவிட்டது. படத்தின் அடியில் கோடாகப் போட்டிருக்கும் நேர்கோட்டு அளவை படத்தோடு சேர்ந்து பெரிதாகும், அதனால் அது தப்பாது. ஜெராக்ஸில் எண்ணை அடித்துவிட்டு, கோட்டை வைத்து நடத்துங்கள்.

பணியில் இருக்கிறேன், டெட் எழுதவில்லை. எனக்கும் கட்டாயமா?
— வாசகி, மதுரை

2025 செப்டம்பர் 1ஆம் தேதி உச்ச நீதிமன்றம் சொன்னபடி, ஓய்வுபெற ஐந்தாண்டுக்கு மேல் இருப்பவர்கள் இரண்டாண்டுக்குள் தேர்ச்சி பெற வேண்டும். ஐந்தாண்டுக்குள் ஓய்வு பெறுபவர்கள் டெட் இல்லாமலே பணியைத் தொடரலாம், ஆனால் பதவி உயர்வு வேண்டுமென்றால் எழுதத்தான் வேண்டும். சிறுபான்மை நிறுவனங்களுக்குப் பொருந்துமா என்ற கேள்வியைப் பெரிய அமர்வுக்கு அனுப்பியிருக்கிறார்கள். பழைய டெட் சான்றிதழ் ஏழாண்டில் காலாவதியாகிவிட்டது என்று நினைத்து மறுபடி எழுதத் தயாராகும் சிலர் உண்டு. 2021இல் அந்த வரம்பை நீக்கி, 2011 முதல் வாங்கிய சான்றிதழ்களுக்கும் ஆயுள் முழுவதும் செல்லும் என்று ஆக்கிவிட்டார்கள். உங்களிடம் பழைய சான்றிதழ் இருந்தால் முதலில் அதைத் தேடியெடுங்கள்.