அப்பம் கொண்டு வந்தவனும், தாடி மழிக்காதவனும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஐயா, நான் சின்னதா ஒரு பிரிண்டிங் பிரஸ் வச்சிருந்தேன், கடன்ல மூழ்கிப் போச்சு. ரொம்ப வருஷமா கூடவே இருந்த பார்ட்னர், எங்க வீட்டுல கை நனைச்சவன், என் கஸ்டமர் எல்லாரையும் கூட்டிக்கிட்டு வேற எடத்துல தொழில் ஆரம்பிச்சுட்டான். கஷ்டத்துலதான் மனுஷனைத் தெரியும்னு சொல்வாங்க, எனக்கு இப்ப எல்லாரையும் தெரிஞ்சு போச்சு. யாரு வந்து நின்னாங்க, யாரு எட்டிக்கூடப் பாக்கலைன்னு மனசுல ஒரு லிஸ்ட்டே ஓடுது. சர்ச்ல யூதாஸ் பத்தி பிரசங்கம் கேட்டப்போ எனக்குன்னே சொன்ன மாதிரி இருந்துச்சு. இனிமே வந்தவங்க மட்டும்தான் எனக்கு மனுஷங்க, வராதவங்களைத் தலைமுழுகிடலாம்னு இருக்கேன். சரிதானே?
- பெயர் வேண்டாம் என்று எழுதிய வாசகர், சிவகாசி

பதில்: பார்ட்னர் விஷயத்துல நான் குறுக்க பேசலைங்க, அவன் பண்ணது துரோகம்தான். ஆனா அந்த லிஸ்ட் இருக்கு பாருங்க, அதுலதான் எனக்கு இடிக்குது.

யூதாஸ் கதையைவிட உங்களுக்குப் பொருத்தமான ஒண்ணு பைபிள்லயே இருக்கு. இரண்டாம் சாமுவேல் 15ஆம் அதிகாரத்துல ஆரம்பிச்சு 19 முடியுற வரைக்கும் ஒரே மூச்சுல படிச்சுப் பாருங்க. தாவீது ராஜாவோட பையன் அப்சலோம், தினமும் காலைல வாசல்ல நின்னுக்கிட்டு, வழக்கோட வர்றவங்களைக் கூப்பிட்டு, உன் பக்கம் நியாயம் இருக்கு, ஆனா விசாரிக்க ராஜா ஆள் வைக்கலையேன்னு பேசிப் பேசியே ஜனங்களை மயக்கிடுறான், அப்புறம் எப்ரோனுக்குப் போய் நான்தான் ராஜான்னு எக்காளம் ஊத வைக்கிறான். எருசலேம்லேர்ந்து அவன் கூட்டிக்கிட்டுப் போன 200 பேருக்கு என்ன நடக்குதுன்னே தெரியாது, விருந்துன்னு நெனச்சுப் போயிருக்காங்க. சேதி தெரிஞ்ச உடனே தாவீது அரண்மனையை விட்டுட்டு கால்நடையா கிளம்புறாரு. கீதரோன் ஆத்தைத் தாண்டி, செருப்பு இல்லாம, தலையை மூடிக்கிட்டு, அழுதுக்கிட்டே ஒலிவ மலை ஏறுறாரு. பெத்த பையன்கிட்டேர்ந்து உயிர் தப்பி ஓடுற ஒரு அப்பன்.

அந்த வழியில யாரெல்லாம் வந்தாங்கன்னு பாருங்க. முதல் ஆளு ஈத்தாய், காத் ஊர்க்காரன். இஸ்ரவேலோட எதிரிகளான பெலிஸ்தியரோட ஊருங்க அது, கோலியாத்தோட ஊரு! 600 பேரு அவன் ஊர்லேர்ந்து ராஜாகூட நடக்கிறாங்க. தாவீதே சொல்றாரு, நீ நேத்து வந்தவன், அந்நியன், என்கூட அலையாதே, திரும்பிப் போன்னு. அவன் நகரலை. செத்தாலும் பொழைச்சாலும் நீங்க இருக்கிற எடத்துலதான் நானும்னு சத்தியம் பண்றான். இதுவரைக்கும் உங்க லிஸ்ட் சரியாத்தான் இருக்கு, வந்தவன் நல்லவன்.

இன்னும் கொஞ்சம் மேல போனா சீபா வர்றான். தாவீதுக்கு முன்னாடி ராஜாவா இருந்த சவுலோட வீட்டு வேலைக்காரன், சவுலோட பேரன் மேவிபோசேத்தோட நிலத்தைப் பாத்துக்கிறவன். ரெண்டு கழுதை மேல 200 அப்பம், 100 குலை திராட்சை வத்தல், 100 குலை பழம், ஒரு துருத்தி திராட்சரசம். பசியில இருக்கிற கூட்டத்துக்கு எப்படி இருந்திருக்கும்! உன் எஜமான் எங்கப்பான்னு தாவீது கேக்குறாரு. அவரு எருசலேம்லயே உக்காந்துட்டாரு, தாத்தாவோட ராஜ்யம் இன்னைக்கு எனக்குத் திரும்பி வரும்னு சொல்லிட்டு இருக்காருங்கறான் சீபா. தாவீது ஒரு நிமிஷம்கூட யோசிக்கலை. மேவிபோசேத்துக்கு உள்ளது எல்லாம் இனிமே உனக்குத்தான்னு அங்கேயே எழுதிக் குடுத்துட்டாரு. சொந்தப் புள்ளை மாதிரி தன் பந்தியில உக்கார வச்சு சோறு போட்டவனே நம்மளை விட்டுட்டானேன்னு அவருக்கு எப்படி வலிச்சிருக்கும்னு உங்களுக்குப் புரியும்.

சண்டை முடிஞ்சு அப்சலோம் செத்து, ராஜா திரும்பி வர்றப்போதான் மேவிபோசேத் வந்து நிக்கிறான். ராஜா போன நாள்லேர்ந்து காலைச் சுத்தம் பண்ணலை, தாடி மழிக்கலை, துணி வெளுக்கலை. இதை அவன் தன் வாயால சொல்லிக்கலைங்க, கதை எழுதினவரே சொல்றாரு, அதைக் கவனிக்கணும். ஏன் வரலைன்னு கேட்டா, நான் முடவன், கழுதையில சேணம் போட்டு உங்க பின்னாடி வரணும்னுதான் இருந்தேன், என் வேலைக்காரன் என்னை ஏமாத்திட்டு உங்ககிட்ட என்னைப் பத்திக் கோள் சொல்லிட்டான்னான். அவனுக்கு 5 வயசா இருக்கிறப்போ தாதி தூக்கிட்டு ஓடுற அவசரத்துல கீழ விழுந்து ரெண்டு காலும் போனது தாவீதுக்கும் தெரியும். தெரிஞ்சும் அன்னைக்கு மலை மேல, அவனால எப்படி வந்திருக்க முடியும்னு ஒரு கேள்வி அவருக்குத் தோணலை பாருங்க.

சீபா? ராஜா ஜெயிச்சு வர்றார்னு கேட்டதும் தன் 15 பையன்களையும் 20 வேலைக்காரங்களையும் கூட்டிக்கிட்டு யோர்தான் கரைக்கு அடிச்சுப் புடிச்சு ஓடி வந்தவங்கள்ல அவனும் ஒருத்தன். எனக்கு என்ன தோணுதுன்னா, அவன் அந்த அப்பத்தைப் போட்டது முதலீடு. அதுக்காக அந்த அப்பம் பொய்யாயிடாது, அதைச் சாப்பிட்டுத்தான் அந்தக் கூட்டம் நடந்துச்சு. அவனும் ரிஸ்க் எடுத்திருக்கான், அப்சலோம் ஜெயிச்சிருந்தா தலை போயிருக்கும். உதவியை வாங்கிக்கலாம், நன்றியும் சொல்லலாம், ஆனா அந்த உதவிக்காக இன்னொருத்தன் சொத்தை எழுதிக் குடுக்கிறது வேற விஷயம் இல்லையா?

இதுல ஒரு வேடிக்கை, வேடிக்கைன்னு சொல்லக்கூடாதுதான், ராஜா வழக்கு விசாரிக்கிறதில்லைன்னு சொல்லித்தானே அப்சலோம் ஊரையே மயக்கினான். தாவீது ஓடுற வழியில பண்ண தீர்ப்பும் அப்படியே இருக்கு, ஒரு பக்கம் மட்டும் கேட்டு, ஒரே வரியில. கஷ்டம் மத்தவங்களை மட்டுமா காட்டுது, அடிபட்டவனையும் சேத்துத்தான் காட்டுது. அதே நாள்ல அவரோட நல்லதும் வெளிய வருது, ஆசாரியன் சாதோக் தூக்கிட்டு வந்த, கர்த்தரோட சந்நிதிக்கு அடையாளமான உடன்படிக்கைப் பெட்டியை, இது நகரத்துலயே இருக்கட்டும், கர்த்தர் கண்ணுல எனக்கு தயவு கிடைச்சா திரும்பி வந்து பாப்பேன்னு அனுப்பிடுறாரு, சாமியைக் கூடவே வச்சுக்கிட்டா ஜெயிச்சிடலாம்னு நெனைக்கலை. வீட்டைப் பாத்துக்கன்னு 10 மறுமனையாட்டிகளை, அதாவது ராணி அந்தஸ்து இல்லாத துணைவிகளை, விட்டுட்டுப் போனாரே, அந்தப் பொண்ணுங்களுக்கு அப்சலோம் பண்ண கொடுமையும், திரும்பி வந்த தாவீது அவங்களை சாகுற வரைக்கும் அடைச்சு வச்சதும் அதே கதையிலதான் இருக்கு. அதைப் பத்தி ஒரு பிரசங்கம்கூட நான் கேட்டதில்லை.

இன்னொரு ஆளையும் சொல்லிடுறேன், ஊசாய். தாவீதோட சிநேகிதன். அப்சலோம் ஊருக்குள்ள நுழைஞ்ச உடனே போய், ராஜா வாழ்கன்னு ரெண்டு தடவை சொன்னவன். அன்னைக்கு எருசலேம் தெருவுல நின்னு பாத்திருந்தா நீங்க அவன் பேருக்கு நேரா துரோகின்னு எழுதியிருப்பீங்க, நானும்தான். ஆனா அவனை அங்க அனுப்பினதே தாவீது, தாவீது உயிரைக் காப்பாத்தினதே அவன் குடுத்த ஆலோசனை. ஆக அந்த ஒரே நாள்ல ஒருத்தன் லிஸ்ட் போட்டிருந்தா சீபா நல்லவன், மேவிபோசேத் துரோகி, ஊசாய் துரோகி, மூணும் தப்பு.

அதனால வராதவங்களை இப்பவே தலைமுழுகாதீங்க. ரெண்டு மூணு பேருக்கு போன் போட்டு, ஏன் வரலைன்னு நேராவே கேளுங்க, கோவமா கேட்டாலும் பரவாயில்லை. சிலரு கையில காசு இல்லாத வெக்கத்துல வந்திருக்க மாட்டாங்க, சிலருக்கு யாராச்சும் நடுவுல எதாச்சும் சொல்லியிருப்பாங்க, சிலரு நெஜமாவே ஒதுங்கினவங்களாத்தான் இருப்பாங்க. வந்தவங்கள்ல யாராச்சும் அவசரமா ஒரு பேப்பர்ல கையெழுத்து கேட்டா ஒரு வாரம் தள்ளிப் போடுங்க.

கேள்வி: அகித்தோப்பேல் ஏன் தாவீதுக்குத் துரோகம் பண்ணினார்? பணத்துக்கா, பதவிக்கா?
- ஒரு வாசகி, பாளையங்கோட்டை

பதில்: தாவீதோட ஆலோசகரா இருந்து அப்சலோம் பக்கம் போனவர் இவரு, ஆனா ஏன்னு பைபிள் காரணம் சொல்லலைங்க. ஆனா ரெண்டு எடத்தைச் சேத்துப் படிச்சா ஒரு சந்தேகம் வரும். இரண்டாம் சாமுவேல் 11ஆம் அதிகாரத்துல பத்சேபாள் எலியாமோட மகள். 23ஆம் அதிகாரத்துல தாவீதோட வீரர்கள் பட்டியல்ல கீலோ ஊர் அகித்தோப்பேலோட மகன் எலியாம்னு ஒரு பேரு. ரெண்டு எலியாமும் ஒரே ஆளா இருந்தா, ராஜா கெடுத்தது அகித்தோப்பேலோட பேத்தியை, கொன்னது பேத்தி புருஷன் உரியாவை. பல பேரு இப்படித்தான் நெனைக்கிறாங்க, நிச்சயம்னு சொல்ல முடியாது. ஆனா அந்தாளு குடுத்த முதல் ஆலோசனையைப் பாருங்க, ராஜாவோட மறுமனையாட்டிகளை அரண்மனை உப்பரிகை மேல, எல்லாரும் பாக்கக் கெடுக்கச் சொல்றான். தாவீது பத்சேபாளைப் பாத்ததும் உப்பரிகை மேலேர்ந்துதான். ரெண்டாவது ஆலோசனை இன்னும் சூடு, 12,000 பேரைக் குடு, இன்னைக்கு ராத்திரியே தொரத்துறேன், ராஜா ஒருத்தனை மட்டும் வெட்டுறேன்னான். நல்ல யோசனைதான், அதைக் கேட்டிருந்தா தாவீது கதை முடிஞ்சிருக்கும். அப்போதான் ஊசாய், அவசரப்படாதீங்க, தேசம் முழுக்க ஆள் சேத்து நீங்களே முன்னாடி நின்னு போங்கன்னு அப்சலோமை உசுப்பிவிட்டு நேரம் வாங்கிக் குடுத்தான். தன் பேச்சு எடுபடலைன்னு பாத்ததும் அகித்தோப்பேல் கழுதை ஏறி ஊருக்குப் போய், வீட்டுக் காரியத்தை எல்லாம் ஒழுங்கு பண்ணிட்டு நாண்டுக்கிட்டான். கோவத்துல பண்ணதுன்னு எனக்குத் தோணலை, அப்சலோம் தோக்கப் போறான்னு அன்னைக்கே கணக்குப் போட்டுட்டான், தாவீது வந்தா தன் கதி என்னன்னும் தெரியும். பேத்தி கணக்கு உண்மைன்னா அவன் வெறும் துரோகி இல்லை, பழி காத்துக்கிட்டு இருந்த தாத்தா. அது அவன் பண்ணதை நியாயமாக்காது, ஆனா துரோகத்துக்கு முன்னாடி யாரு யாருக்கு என்ன பண்ணாங்கன்னு கேக்க வைக்குது.

கேள்வி: சங்கீதம் 41ல அப்பம் சாப்பிட்டவனே குதிகாலைத் தூக்கினான்னு வருதே, அது யூதாஸா, அகித்தோப்பேலா?

பதில்: குதிகாலைத் தூக்கினான்னா எதிரா திரும்பினான்னு அர்த்தம், ஆனா யாருன்னு சங்கீதத்துல பேரு இல்லை. கடைசி ராப்போஜனத்துல யூதாஸை மனசுல வச்சு இயேசு அந்த வரியைச் சொன்னாருன்னு யோவான் 13:18ல இருக்கு. அன்னைக்கு ராத்திரி அவரும் அதே கீதரோனைத் தாண்டித்தான் போனாரு.

கேள்வி: தாவீது மேல கல்லெறிஞ்சு திட்டின சீமேயியை மன்னிச்சிட்டு, சாகப் போற நேரத்துல சாலொமோன்கிட்ட அவனைச் சும்மா விடாதேன்னு சொன்னது என்ன நியாயம்?

பதில்: நியாயம் இல்லைன்னுதான் எனக்குப் படுது. தாவீது அப்சலோமுக்குத் தப்பி ஓடுற வழியில, பகூரிம்ங்கற ஊர்ல அவன் கல்லெறியறப்போ, இந்தச் செத்த நாயோட தலையை எடுத்துடட்டுமான்னு தாவீதோட வீரன் அபிசாய் கேட்டான். என் புள்ளையே என்னைக் கொல்லத் தேடுறான், இவன் திட்டிட்டுப் போகட்டும்னாரு தாவீது. அந்த எடத்துல அந்த மனுஷன் எவ்வளவு உசந்து நிக்கிறாரு! ஜெயிச்சு வந்தப்போ சீமேயி 1,000 பேரோட வந்து கால்ல விழுந்தான், நீ சாகமாட்டேன்னு ஆணை போட்டுக் குடுத்தாரு. அரசியல் கணக்கும் இருந்திருக்கும், சவுலோட பென்யமீன் கோத்திரத்துக்காரன் 1,000 பேரோட வந்து நின்னா எந்த ராஜாவும் அன்னைக்கு வெட்ட மாட்டான். வயசாகி படுக்கையில கிடக்கிறப்போ, அவன் நரைமயிரை ரத்தத்தோட பாதாளத்துல இறக்குன்னு மகன்கிட்ட சொல்றாரு. தோத்து ஓடுறப்போ இருந்த பெருந்தன்மை, எல்லாம் திரும்பக் கிடைச்ச பிறகு அவர்கிட்ட இல்லை. சாலொமோன் அவனை எருசலேமை விட்டு வெளிய போகக்கூடாதுன்னு வச்சிருந்தாரு, 3 வருஷம் கழிச்சு ஓடிப்போன ரெண்டு அடிமைகளைத் தேடி காத் ஊருக்குப் போயிட்டு வந்தான், அதைச் சாக்கா வச்சு ஆளை முடிச்சுட்டாங்க.